உறங்குபவருக்கு யார் பொறுப்பு?

டெல்லியைச் சுற்றிப் பார்க்கத் திட்டமிடும் எந்தக் குடும்பத்திலும், ரயில் டிக்கெட்டுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது ரூம் எங்கே போடுவது என்பதுதான். பஹார்கஞ்ச் என்றால் புதுடெல்லி ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம், வாடகையும் குறைவு. ஆனால் சந்துக்குள் சத்தம் ஓயாது. கரோல் பாக் என்றால் இட்லி, தோசைக்குக் குறைவில்லை, மெட்ரோவும் பக்கம். விமான நிலையத்தை ஒட்டிய ஏரோசிட்டி பளபளப்பாக இருக்கும். ஆனால் செங்கோட்டைக்கு வந்துபோவதிலேயே பாதி நாள் கரைந்துவிடும். யாரையாவது தெரிந்திருந்தால் தமிழ்நாடு இல்லத்துக்கு முயற்சி செய்யலாம். பத்துப் படங்களைப் பார்த்து, பத்துப் பேர் எழுதிய விமர்சனங்களைப் படித்து, வெந்நீர் வருமா, லிஃப்ட் உண்டா என்று போன் போட்டுக் கேட்டு ஒரு முடிவுக்கு வருகிறோம். இதில் அறத்துக்கு என்ன வேலை என்ற கேள்வி எழுவதே இல்லை. கோயிலுக்குப் போனால் எப்படி நடந்துகொள்வது, தானம் யாருக்குக் கொடுப்பது என்றெல்லாம் யோசிக்கிற நாம், தங்குமிடத்தை மட்டும் பர்ஸோடு தொடர்புடைய விஷயமாக ஒதுக்கிவிடுகிறோம். அந்த ஒதுக்கல் தவறு என்பது என் எண்ணம். தங்க இடம் கொடுப்பதும் தங்க இடம் தேடுவதும் நம் மரபில் மிகப் பழைய அறக் கேள்விகள். காசு கைமாறியதால் அவை காலாவதியாகிவிடவில்லை.

ஹோட்டலில் நாம் எதை விலைக்கு வாங்குகிறோம் என்று முதலில் பார்க்கலாம். பகல் முழுவதும் வெளியேதான் இருக்கிறோம். ரூமில் செய்கிற முக்கியமான காரியம் தூங்குவது. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒருவர் கட்டிய கட்டடத்தில், பெயர்கூடத் தெரியாத ஒரு பணியாளரின் கையில் சாவியின் இன்னொரு பிரதி இருக்கிறது என்று தெரிந்தும், குழந்தைகளோடு கண்ணை மூடுகிறோம். தூங்குகிறவரால் ஓட முடியாது, கூப்பிட முடியாது, எதிர்க்கவும் முடியாது. அவரைக் காப்பது விழித்திருப்பவரின் கடமை என்ற உணர்வு மனித இனத்தில் ஆழமாக ஊறியது. மகாபாரதத்தில் சௌப்திக பர்வம் முழுக்க அந்த உணர்வின் மேல்தான் நிற்கிறது. போர் முடிந்த இரவில் பாண்டவர் பாசறைக்குள் புகுந்து உறங்குபவர்களை வெட்டிச் சாய்க்க அசுவத்தாமன் கிளம்புகிறான். உறங்குபவரைக் கொல்வது தர்மமல்ல, விடிந்ததும் போரிடலாம் என்று கிருபர் தடுக்கிறார். பதினெட்டு நாளும் எத்தனையோ விதிமீறல்களைக் கண்ட காவியம் அது. இருந்தும் அந்த இரவில் தொடங்கி, கருவிலிருந்த சிசுவின் மேல் அஸ்திரம் ஏவியதுவரை போன பாவத்துக்குத்தான் மூவாயிரம் ஆண்டுகள் தனியே அலையும் சாபத்தை அசுவத்தாமன் தலையில் ஏற்றிவைக்கிறது.

இதையே சட்டத்தின் வறண்ட மொழியில் 1867ஆம் ஆண்டின் சராய்ச் சட்டத்திலும் காணலாம். சராய் என்னும் பயணிகள் விடுதியை நடத்துபவர் அதைப் பதிவு செய்ய வேண்டும், கிணற்றையும் வடிகாலையும் சுத்தமாக வைக்க வேண்டும், வாடகைப் பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும், தங்குபவர்களின் பாதுகாப்புக்குப் போதுமான காவலாட்களை வைக்க வேண்டும். காலனி அரசு தன் ஒழுங்குக்காகச் செய்தது என்று சொல்லலாம். செய்த காரியத்தின் உள்ளடக்கம் மட்டும் பழைய அறம்தான். அந்த அறம் மீறப்படும்போது என்ன நடக்கும் என்பதற்கு டெல்லியிலேயே சான்று இருக்கிறது. 2019 பிப்ரவரி 12ஆம் தேதி விடியுமுன், கரோல் பாக் ஹோட்டல் ஒன்றில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். கல்யாணத்துக்கு வந்திருந்த கேரளக் குடும்பத்தைச் சேர்ந்த மூவரும் அதில் உண்டு. பலரைக் கொன்றது நெருப்பைவிடப் புகை. அவர்கள் எல்லோரும் வாடகை கொடுத்திருந்தார்கள். கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல யாருக்காவது மனம் வருமா? கொடுத்த பணத்துக்கும் ஒப்படைத்த உயிருக்கும் இடையே உள்ள தூரம்தான் நான் பேச விரும்பும் விஷயம்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு உண்டு. விருந்தோம்பல் என்பது கொடை. விலை வந்துவிட்டால் அது வியாபாரம். வியாபாரத்தில் சட்டம் போதும், அறத்தைத் தேடுவது வீண். திருக்குறள் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தது, கடைத்தெருவில் வைக்கவில்லை. பழைய சத்திரங்கள் அறம். இன்றைய லாட்ஜ் வெறும் தொழில். இரண்டையும் ஒன்றாக்காதே என்று இந்த வாதம் சொல்லும்.

இதற்குப் பதில் தேடும்போது டெல்லியில் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்று, சுற்றுலாப் பயணிகள் அதிகம் எட்டிப்பார்க்காத ஃபெரோஸ் ஷா கோட்லா. கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில், இடிந்த அடுக்குக் கட்டடம் ஒன்றின் உச்சியில் அசோகரின் கல்தூண் நிற்கிறது. இன்றைய ஹரியானாவில் உள்ள தோப்ராவிலிருந்து 14ஆம் நூற்றாண்டில் ஃபெரோஸ் ஷா துக்ளக் அதைக் கொண்டுவந்தார். 42 சக்கர வண்டியில் ஏற்றி யமுனைக்கு இழுத்துவந்து, படகுகளில் மிதக்கவிட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் அஃபீஃப் எழுதுகிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல அன்றைக்கு யாராலும் முடியவில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் அந்த எழுத்துகளைப் படித்த பிறகுதான் தெரிந்தது. அசோகரின் ஏழாம் தூண் சாசனம் நமக்கு முழுமையாகக் கிடைத்திருப்பது இந்த ஒரே தூணில்தான். வழிநெடுக ஆலமரம் நட்டது, மாந்தோப்பு வைத்தது, கிணறு வெட்டியது, பயணிகளுக்குத் தங்குமிடம் கட்டியது, மனிதருக்கும் விலங்குக்கும் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தது என்று பட்டியலிட்டுவிட்டு, அசோகர் யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொல்கிறார்: இவையெல்லாம் சிறிய வசதிகளே, எனக்கு முந்தைய அரசர்களும் செய்தவைதான், மக்கள் தம்மத்தின் வழியில் நடக்கட்டும் என்பதற்காகவே நான் செய்தேன் என்கிறார். தங்குமிடம் கட்டியதைப் பெருமையாகக் கல்லில் வெட்டிய அதே கை, அது போதாது என்றும் வெட்டியிருக்கிறது. தங்குமிடம் இலவசமா விலைக்கா என்பது அவர் கவலையே அல்ல. அதைத் தருகிறவரும் பெறுகிறவரும் அதற்குப் பிறகு எப்படிப்பட்டவர்களாக ஆகிறார்கள் என்பதுதான் அவர் கேள்வி.

கொடைதான் உயர்ந்தது என்பவர்களுக்கு நம் வரலாறு இன்னும் கடுமையான பதில் வைத்திருக்கிறது. 1904இல் காசிக்குப் போன ஈ.வெ.ராமசாமி, பிராமணர்களுக்கு மட்டும் சோறு போட்ட சத்திரத்தின் வாசலில் தள்ளப்பட்டு, பசி தாளாமல் எச்சில் இலையில் கிடந்ததைத் தின்ன நேர்ந்ததை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் சொல்கின்றன. அந்தச் சத்திரத்தைக் கட்டிவைத்தவர் தென்னாட்டைச் சேர்ந்த பிராமணரல்லாத வணிகர் என்பதுதான் அவரை அதிகம் சுட்டது. நம் ஊர்ச் சத்திரங்கள் பலவற்றிலும் பந்தி சாதிவாரியாகத்தான் நடந்தது; சிலருக்குச் சமைத்த சோறு, சிலருக்கு அரிசி, சிலருக்கு வாசலோடு சரி. காசு வாங்காத கொடை, காசைவிடப் பெரிய விலையாகப் பிறப்பைக் கேட்டது. சரி, காசு கொடுத்தால் அந்த இழிவு நீங்கியதா? அதுவும் இல்லை. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கர், இந்து விடுதிகள் தன்னைச் சேர்க்காது என்று தெரிந்து, ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். வாடகை கொடுத்துத்தான் தங்கினார். சில நாளில் தடிகளோடு வந்த கூட்டம் அவரை அங்கிருந்து வெளியேற்றியது. போக இடமின்றிப் பரோடாவின் பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்ததை அவரே பின்னாளில் எழுதினார். உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகங்கள் வரவேற்ற ஒருவருக்கு, சொந்த நாட்டுச் சமஸ்தானத் தலைநகரில் ஒரு கட்டில் கிடைக்கவில்லை.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது கொடையா விலையா என்ற பிரிவினை பொருளற்றுப் போகிறது. கொடையும் கதவை அடைத்தது, விலையும் அடைத்தது. 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15(2)ஆவது பிரிவு அதனால்தான் ஹோட்டல் என்ற சாதாரணச் சொல்லை அடிப்படை உரிமைகளுக்குள் கொண்டுவந்தது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி யாரையும் கடைகளிலிருந்தும் பொது உணவகங்களிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் விலக்கக் கூடாது என்கிறது. வாசலில் நின்றவர்களின் அனுபவம் அந்த வரிக்குள் இருக்கிறது. ஆகவே தங்குமிடத்தின் அறத்தை நான் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன்: வாசல் யாருக்குத் திறக்கிறது? உள்ளே வந்து உறங்குபவரை யார் காக்கிறார்கள்?

இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய சராய்களிலேயே அந்த மோதலைக் காணலாம். டெல்லியின் வரைபடத்தைப் பார்த்தாலே சராய்களின் ஊர் அது என்று தெரியும்: சராய் காலே கான், யூசுஃப் சராய், கட்வாரியா சராய், பேர் சராய், சராய் ரோஹில்லா. நம் திருக்குறள் எக்ஸ்பிரஸ் போய் நிற்கும் ஹஸ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனை ஒட்டித்தான் சராய் காலே கான். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா சாந்தினி சௌக்கில் கட்டிய சராயை 17ஆம் நூற்றாண்டில் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், பாரிஸில் இதைப்போல இருபது இருந்தால் புதிதாக வரும் வெளியூர்க்காரர்கள் இத்தனை திண்டாட மாட்டார்கள் என்று ஏங்குகிறார். மற்றச் சராய்களில் மனிதரும் குதிரையும் ஒட்டகமும் ஒன்றாக அடைந்துகிடப்பதைக் குறைகூறியவரும் அவரே. ஜஹானாராவின் சராய் பாதுகாப்பாக இருந்ததற்கு அவர் சொல்லும் காரணம், இரவில் கதவை அடைத்துவிடுவார்கள் என்பது. அங்கே தங்கியவர்கள் பாரசீக, உஸ்பெக் பெருவணிகர்கள். அடைத்த கதவு உள்ளே இருப்பவருக்குக் காவல், வெளியே நிற்பவருக்கு மறுப்பு. 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் அந்தச் சராயை இடித்து, அங்கே டவுன் ஹாலை எழுப்பினார்கள்.

இன்று அந்த மோதல் ரிசப்ஷன் மேஜைக்கு வந்துவிட்டது. ஆதார் அட்டையை நீட்டுகிறோம். உள்ளூர் முகவரி என்றால் பல இடங்களில் ரூம் கிடையாது. தனியாக வந்த பெண்ணிடம் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள். திருமணமாகாத ஜோடிக்குச் சட்டத்தில் தடை இல்லை. இருந்தும் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். காஷ்மீர் முகவரியைப் பார்த்ததும் அறை மறுத்ததாகச் செய்திகள் வந்திருக்கின்றன. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் படிவம் அனுப்ப வேண்டும் என்பதற்காகவே சிறு ஹோட்டல்காரர்கள் சிலர் அவர்களை ஏற்பதில்லை. போலீஸ் வந்து கேட்டால் நான்தானே பதில் சொல்ல வேண்டும் என்று ஹோட்டல்காரர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அடையாளம் கேட்பது உறங்குபவர்களின் காவலுக்கு அவசியம். ஆனால் அட்டையைப் பார்ப்பது வேறு, அட்டையில் உள்ள பெயரையும் ஊரையும் பார்த்து மனிதரை எடைபோடுவது வேறு. முதலாவது சராயின் காவலாள் செய்த வேலை. இரண்டாவது காசிச் சத்திரத்து வாயில்காப்போன் செய்தது.

இதுவரை பேசியது தருபவரின் கடமை. பெறுபவருக்கும் கடமை உண்டு என்பதை நம் காலம் ஏறக்குறைய மறந்தேவிட்டது. விருந்தாளியைத் தெய்வமாகக் கருதச் சொல்லும் தைத்திரீய உபநிடத வாக்கைச் சுற்றுலாத் துறை விளம்பர வாசகமாக்கியது நமக்குத் தெரியும். உபநிடதத்தில் அது கல்வி முடித்து இல்லறத்துக்குப் போகும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லும் அறிவுரை. வரவேற்பவன் தன்னைப் பழக்கிக்கொள்ள வேண்டிய ஒழுக்கம் அது. போகிற இடத்தில் உன்னைத் தெய்வமாக நினைத்துக்கொள் என்று விருந்தாளியிடம் எந்த உபநிடதமும் சொல்லவில்லை. கட உபநிடதத்தின் நசிகேதன் யமன் வீட்டு வாசலில் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருந்தான். திரும்பிவந்த யமன் பதறிப்போய் இரவுக்கு ஒன்றாக மூன்று வரம் தருகிறான். அப்போதும் அந்தப் பையன் ரகளை செய்யவில்லை; முதல் வரமாகத் தன் தகப்பனின் மன அமைதியைக் கேட்கிறான். மேற்கே 1795இல் இம்மானுவேல் காண்ட் நிலைத்த அமைதியைப் பற்றி எழுதியபோது, அந்நிய மண்ணில் கால்வைப்பவருக்குப் பகைமையின்றி நடத்தப்படும் உரிமை உண்டு என்றார். பூமி உருண்டை, மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப் போய்விட முடியாது என்பது அவர் காட்டிய காரணம். அதோடு நிறுத்தவில்லை. ஐரோப்பியர் பிற நாடுகளுக்குப் போவதையும் அவற்றைக் கைப்பற்றுவதையும் ஒன்றாக்கிவிட்டதை அதே பக்கங்களில் கண்டித்தார். வருவதற்கு உரிமை உண்டு, வந்த இடத்தை எடுத்துக்கொள்ள உரிமை இல்லை.

டெல்லிக்குப் போகும் சுற்றுலாப் பயணி எதை எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று கேட்கலாம். தண்ணீரை எடுத்துக்கொள்கிறார். 1956இல் யுனெஸ்கோ மாநாடு புதுடெல்லியில் நடந்தபோது, வருகிறவர்களைத் தங்கவைக்க நேருவின் அரசு சாணக்கியபுரியில் ஒரு பெரிய ஹோட்டலைக் கட்டி அசோகரின் பெயரைச் சூட்டியது. 2024 கோடையில் அதே சாணக்கியபுரியில், தூதரகங்களுக்குப் பின்புறம் உள்ள சஞ்சய் காம்ப் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்தபோது நடந்தது இது: லாரி நிற்பதற்குள் அதன் முதுகில் ஏறிய இளைஞர்கள் மேல்மூடியைத் திறந்து பிளாஸ்டிக் குழாய்களை உள்ளே விட்டார்கள், கீழே பெண்கள் அவரவர் குழாயின் மறுமுனையைக் கேன்களில் செருகிக்கொண்டு முட்டி மோதினார்கள். அதே வாரத்தில் அந்த நகரத்தில் எத்தனையோ ஹோட்டல் அறைகளில் ஷவர் திறந்தபடி ஓடியிருக்கும். வாடகை ரசீதில் தண்ணீருக்கு என்று ஒரு வரி கிடையாது. அதனாலேயே அதை வாங்கிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். 2023 செப்டம்பரில் ஜி20 தலைவர்கள் வந்தபோது, வழியோரக் குடிசைகள் அவர்கள் கண்ணில் படாதபடி பச்சைத் துணி கட்டி மறைக்கப்பட்டன. விருந்தாளிக்காக வீட்டுக்காரரை மறைக்கிற உபசாரம் விருந்தாளிக்கும் அவமானம்தான்.

இன்னொன்று, நம் உறக்கத்தைக் காப்பவரின் உறக்கம். சின்ன ஹோட்டல்களில் ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால், இரவு இரண்டு மணிக்கு, மடித்த கம்பளி ஒன்றின் மேல் சுருண்டு படுத்திருக்கும் பையன் பெரும்பாலும் பீகாரிலிருந்தோ உத்தராகண்டிலிருந்தோ வந்தவன். நள்ளிரவில் வருகிறவருக்குக் கதவைத் திறப்பதும், விடியற்காலையில் ஆக்ரா பஸ்ஸுக்குப் போகிறவரை எழுப்புவதும் அவன் வேலை. அவனும் தலைநகருக்கு வந்த வெளியூர்க்காரன்தான். அவனுக்கு மட்டும் அறை கிடையாது. மிகக் குறைந்த வாடகையைக் கண்டு மகிழும்போது, அந்த மிச்சத்தில் ஒரு பங்கு அவன் தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம்.

வருஷக்கணக்கில் பணம் சேர்த்து ஒரு முறை தலைநகரைப் பார்க்கப் போகும் குடும்பத்தின் தலையில் இத்தனை பாரத்தை ஏற்றலாமா என்ற கேள்வி நியாயமானது. மலிவான ரூமைத் தேடுவது பாவமல்ல. நட்சத்திர ஹோட்டலுக்குப் போவதால் புண்ணியம் சேர்வதும் இல்லை. நான் கேட்பது வெந்நீர் வருமா என்று விசாரிக்கும் அதே போனில் இன்னும் இரண்டு கேள்விகள்: மாடியிலிருந்து இறங்க இரண்டாவது வழி இருக்கிறதா, அது பூட்டப்படாமல் இருக்குமா? யாரையாவது பெயருக்காகவோ ஊருக்காகவோ திருப்பி அனுப்புவீர்களா? பதில் உண்மையாக இல்லாமல் போகலாம். ஆனாலும் நூறு பேர் கேட்டால் பூட்டுத் திறக்கும். வாடிக்கையாளர்கள் ஏசி கேட்டார்கள், ஏசி வந்தது. வைஃபை கேட்டார்கள், வந்தது. அவசர வழியைக் கேட்காததால்தான் அது வரவில்லை. தனி மனிதரின் ஒரு தேர்வால் எதுவும் மாறாது என்று சொல்பவர்கள், ஹோட்டல்கள் இந்த முப்பது ஆண்டுகளில் எப்படி மாறின என்பதைக் கவனிக்கவில்லை.

கடைசியாக, பலர் மனதில் இருக்கும் ஒரு கேள்வி. பங்களா சாஹிப் குருத்வாராவில் தங்கலாமே, சாப்பாடும் கிடைக்குமே, சுற்றுலாப் பயணி அங்கே போவது சரியா? அந்த இடம் முதலில் ராஜா ஜெய்சிங்கின் மாளிகை. சீக்கியரின் எட்டாவது குரு ஹர் கிருஷன், எட்டு வயதும் நிறையாத சிறுவர், 1664இல் டெல்லிக்கு அழைக்கப்பட்டு அங்கே விருந்தாளியாகத் தங்கினார். நகரத்தில் அப்போது அம்மையும் காலராவும் பரவியிருந்தன. நோயாளிகளுக்கு அந்த வீட்டுக் கிணற்று நீரைக் கொடுத்துப் பணிவிடை செய்தவர், அம்மை கண்டு டெல்லியிலேயே இறந்தார் என்பது சீக்கிய மரபு. அங்கே லங்கர் என்னும் பொதுப் பந்தியில் எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாதியோ மதமோ கேட்பதில்லை. காசிச் சத்திரத்தில் இல்லாதது அங்கே இருக்கிறது. வாசல் திறந்திருப்பதால் போகலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. என்றாலும் தங்கும் அறைகள் எண்ணிக்கையில் அடங்கியவை. வாடகை கொடுக்க வசதியுள்ளவர் ஒன்றை எடுத்துக்கொண்டால், வழிபாட்டுக்கோ பெரிய ஆஸ்பத்திரிகளில் வைத்தியத்துக்கோ வெளியூரிலிருந்து வந்த ஏழைக்கு அது கிடைக்காமல் போகலாம். ஆகவே வசதியுள்ளவர்கள் கரோல் பாக்கிலோ பஹார்கஞ்சிலோ ரூம் போட்டுக்கொள்வதே முறை. குருத்வாராவுக்குப் பகலில் போகட்டும், தலையை மூடிக்கொண்டு பந்தியில் உட்காரட்டும், சாப்பிட்டு எழுந்ததும் பின்புறம் போய் மற்றவர்களோடு நின்று அரை மணி நேரம் தட்டு கழுவட்டும். அந்த வேலைக்கு வெளியூர்க்காரர், உள்ளூர்க்காரர் என்ற பேதம் அங்கே கிடையாது.